பதினாறா, பதினெட்டா, நடுவில் ஒரு வாசலா: சம்மத வயதை நாடுகள் எப்படி வைத்திருக்கின்றன

போன மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தைப் பற்றி வழக்கம்போல நான்தான் பேசினேன். முடித்து உட்காரும்போது பின்வரிசையிலிருந்து ஒரு அப்பா எழுந்தார். "டீச்சர், எங்க அக்கா குடும்பம் பாரிசுல இருக்கு. அங்க பதினஞ்சுனு சொல்றாங்க, இங்க பதினெட்டுங்கறீங்க. அங்க இருக்கிற புள்ளைங்களுக்கு மட்டும் மூணு வருஷம் முன்னாடியே புத்தி வந்துடுதா?" என்று கேட்டார். வம்புக்காகக் கேட்கவில்லை. அவருடைய பெண் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். அவருக்கு உண்மையிலேயே விடை வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் சொன்ன விடை எனக்கே போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது அரியாங்குப்பம், வேலை கடலூர்ப் பக்கம். தினமும் தவளக்குப்பம், கன்னியகோயில் வழியாக முள்ளோடையில் புதுச்சேரி-தமிழ்நாடு எல்லையைத் தாண்டிப் போகிறேன். இந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் இன்று சம்மத வயது ஒன்றுதான். ஆனால் 1891-இல் ஆங்கிலேய அரசு இந்தியாவில் இந்த வயதை 10-இலிருந்து 12-ஆக உயர்த்தியபோது, அந்தச் சட்டம் தென்னார்க்காட்டின் தலைநகரான கடலூரில் செல்லுபடியானது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி நடந்தது. பிரான்சில் அப்போது 13. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இன்னமும் ஆயிரக்கணக்கில் புதுச்சேரியில் இருக்கிறார்கள். எனவே அந்த அப்பாவின் கேள்வி எங்கள் ஊருக்கு ரொம்பவும் இயல்பான கேள்வி.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். சம்மத வயது என்பது, அதற்குக் கீழே உள்ள பிள்ளை 'சரி' என்று சொன்னாலும் சட்டம் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாத வயது. அந்த வயதைத் தாண்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பொருள் இல்லை. வற்புறுத்தல் எந்த வயதிலும் குற்றம்தான். கல்யாண வயது வேறு விஷயம். இந்தியாவில் அது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. கூட்டங்களில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

பாரிசு பதினைந்தை எடுத்துக்கொள்வோம். பிரான்சில் 1832-இல் இந்த வயது 11. 1863-இல் 13 ஆக்கினார்கள், 1945-இல் 15. அப்புறம் எண் மாறவே இல்லை. ஆனால் அந்தப் பதினைந்துக்குள் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையுடன் வயது வந்தவர் உறவு கொண்டால் குற்றம்தான். ஆனால் அது பாலியல் வல்லுறவு என்று தீர்ப்பாக வேண்டுமானால் வன்முறை, கட்டாயம், மிரட்டல், திடீரென்று மடக்குதல் என இவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். பதினோரு வயதுச் சிறுமியின் வழக்கில்கூட, எதிர்ப்புக் காட்டியதற்குச் சான்று இல்லை என்று சொல்லி முதலில் சிறிய குற்றமாகவே பதிவு செய்தார்கள். நாடே கொதித்தது. பிறகு 2020-இலும் 2021-இன் தொடக்கத்திலும் இரண்டு பெண்கள் தங்கள் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார்கள். ஒருத்தி சிறுவயதில் தனக்கு நேர்ந்ததை எழுதினாள், இன்னொருத்தி தன் கூடப்பிறந்தவனுக்கு வீட்டுக்குள் நேர்ந்ததை எழுதினாள். அந்தச் சூட்டில்தான் 2021 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. இப்போது 15-க்குக் கீழே என்றால் சம்மதம் உண்டா இல்லையா என்ற கேள்வியே எழாது, நேராக வல்லுறவுதான், 20 வருஷம் வரை சிறை. குடும்பத்துக்குள் நடந்தால் அந்த வயது 18.

அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. 15-க்குக் கீழான பிள்ளைக்கும் வயது வந்தவருக்கும் இடையே ஐந்து வருஷ வித்தியாசமாவது இருந்தால்தான் இந்தக் கடுமையான விதி பொருந்தும். 14 வயதுக்காரியும் 18 வயதுக்காரனும் பழகும்போது, பையன் பிறந்தநாள் கேக் வெட்டிய மறுநாள் காலையில் 20 வருஷக் குற்றவாளி ஆகிவிடக் கூடாது என்று அவர்கள் நினைத்தார்கள். காசோ மிரட்டலோ கலந்திருந்தால் அந்தச் சலுகையும் இல்லை.

ஆக, "பிரான்சில் பதினைந்து" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். வயது வித்தியாசம், உறவு, அதிகாரம் என்று மூன்று விஷயங்கள் அந்த எண்ணைச் சுற்றி நிற்கின்றன.

ஜெர்மனியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே 14 என்று கேட்டதும் நம் ஊரில் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது. ஆனால் அந்தப் 14-க்கு மேலே படிப்படியாகக் காவல் வைத்திருக்கிறார்கள். 21 வயதைத் தாண்டியவர், 16-க்குக் கீழே உள்ள பிள்ளையின் முடிவெடுக்க முடியாத நிலையைப் பயன்படுத்திக்கொண்டால் குற்றம். வளர்ப்பவர், கற்பிப்பவர், பயிற்சி கொடுப்பவர் போன்ற பொறுப்பில் இருப்பவருக்கு விதி இன்னும் இறுகும், 18 வரைக்கும் போகும். நெருக்கடியில் இருப்பதைப் பயன்படுத்தினாலும் காசு கொடுத்தாலும் 18 வரை குற்றம். இவ்வளவு படி வைத்தும் எனக்கு அந்த அடிப்படை எண் குறைவாகத்தான் படுகிறது. முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தாளா என்று நிரூபிக்கும் சுமை கடைசியில் அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில்தானே விழும்? நம் நீதிமன்ற வராந்தாக்களை நினைத்துப் பார்த்தால் ஜெர்மன் வழி இங்கே சரிப்படாது.

இங்கிலாந்தில் 16. 1885-இல் 13-இலிருந்து உயர்த்தியது, இன்றுவரை அதே எண்தான். ஆசிரியர் போன்ற நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு 18. அங்கே சம வயதினருக்கு எழுத்தில் தனி விலக்கு எதுவும் கிடையாது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருவர் பழகினால் காகிதத்தில் இருவருமே குற்றம் செய்தவர்கள். வழக்குத் தொடுக்க வேண்டுமா என்று அரசு வழக்கறிஞர்கள் முடிவு செய்வார்கள், வற்புறுத்தலோ சுரண்டலோ இல்லாவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நம்மிடமும் இதே போன்ற ஒரு முயற்சி நடந்தது. 2022 டிசம்பரில் தமிழக டி.ஜி.பி., காதல் விவகாரமாகத் தெரியும் போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். நல்ல காரியம்தான். ஆனால் சுற்றறிக்கையை மதிப்பதும் மடித்து வைப்பதும் ஆளைப் பொறுத்தது. ஆளும் கட்சிக்காரர் ஒருவர் ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றுவிட்டால் சுற்றறிக்கையை யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்?

இலங்கையில் 16. 1995 வரைக்கும் 12-ஆக இருந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 16. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒன்று, 16-இலிருந்து 18 வரை. பெரும்பாலான மாநிலங்களில் 16, டெக்சாசில் 17, கலிபோர்னியாவில் 18. வளைகுடா நாடுகளை இந்த வரிசையில் வைப்பதில் பயனில்லை. அங்கே பல நாடுகளில் கல்யாணத்துக்கு வெளியே உறவு என்பதே குற்றம். எங்கள் மாவட்டத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

இந்த நாடுகளின் சட்டங்களைப் படித்தபோது என்னை மிகவும் யோசிக்க வைத்தவை சமீபத்தில் எண்ணை உயர்த்திய நாடுகள். கனடா 2008-இல் 14-ஐ 16 ஆக்கியது. ஸ்பெயின் 2015-இல் 13-இலிருந்து ஒரே தாவலில் 16-க்குப் போனது. பிலிப்பைன்ஸ் 2022-இல் 12-ஐ 16 ஆக்கியது. ஜப்பானில் 1907-இலிருந்து 13-ஆக இருந்ததை 2023-இல் 16 ஆக்கினார்கள். பெண்களும், சிறுவயதில் பாதிக்கப்பட்டு வளர்ந்தவர்களும் பல வருஷம் போராடி வாங்கிய மாற்றங்கள் இவை.

இந்த நான்கு நாடுகளும் வயதை உயர்த்திய அதே சட்டத்தில், சம வயதினருக்கென்று ஒரு சின்ன வாசலையும் வைத்தன. கனடாவில் 14, 15 வயதுப் பிள்ளைக்கும் மற்றவருக்கும் ஐந்து வருஷத்துக்குள் வித்தியாசம் இருந்து, மற்றவர் பொறுப்பிலோ அதிகாரத்திலோ இல்லாமல், சுரண்டலும் இல்லாமல் இருந்தால் குற்றமாகாது. பிலிப்பைன்ஸில் மூன்று வருஷ வித்தியாசம், 13-க்குக் கீழே விலக்கே இல்லை. ஜப்பானில் 13 முதல் 15 வரையான பிள்ளையுடன், ஐந்து வருஷமோ அதற்கு மேலோ மூத்தவர் உறவு வைத்தால்தான் குற்றம். ஸ்பெயின் மட்டும் வருஷக் கணக்கு எழுதவில்லை. வயதிலும் வளர்ச்சியிலும் முதிர்ச்சியிலும் இருவரும் நெருங்கியவர்களா என்று நீதிபதி பார்ப்பார்.

இந்தியாவும் எண்ணை உயர்த்திய நாடுதான். 1860-இன் தண்டனைச் சட்டத்தில் 10 என்று இருந்தது. 1891-இன் மாற்றத்துக்குப் பின்னால் வங்காளத்துச் சிறுமி புல்மணியின் சாவு இருக்கிறது. முப்பத்தைந்து வயதுக் கணவனால் இறந்துபோன குழந்தை அவள். அப்போதுகூட, சாஸ்திரத்தில் அரசு தலையிடக் கூடாது என்று பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள். 1925-இல் 14, பின்பு 16. 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, போக்சோ நடைமுறைக்கு வந்து 18 ஆனது. மனைவி என்றால் மட்டும் 15 போதும் என்று தண்டனைச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த விலக்கை 2017-இல்தான் உச்ச நீதிமன்றம் தூக்கி, அங்கேயும் 18 என்றது. ஐந்து வருஷம் ஒரே நாட்டில் ஒரே பெண்ணுக்கு, தாலி இருந்தால் ஒரு வயது, இல்லாவிட்டால் ஒரு வயது என்று இருந்தது.

வாசல்? 2011-இல் வந்த போக்சோ மசோதாவில் அது இருந்தது. 16 முதல் 18 வரை உள்ளவரின் சம்மதத்தைப் பார்க்கலாம் என்று ஒரு வரி. நாடாளுமன்ற நிலைக்குழு அதை எடுத்துவிடச் சொன்னது. அந்த வரி இருந்தால் விசாரணை முழுக்கப் பெண்ணின் நடத்தை பக்கம் திரும்பிவிடும், "நீதானே சரின்னு சொன்னே" என்று குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள் என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலையை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த வரி போனதன் விலையையும் பார்த்திருக்கிறேன்.

பெயரும் ஊரும் வேண்டாம். ப்ளஸ் டூ படித்த பெண், பதினேழு முடிய சில மாதம் பாக்கி. பையனுக்குப் பத்தொன்பது, வெல்டிங் பட்டறையில் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு, வேறு சாதி. ஒருநாள் இருவரும் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நான்காம் நாள் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பையன் சிறைக்குப் போனான், பெண் காப்பகத்துக்குப் போனாள். "நானாத்தான் மிஸ் போனேன், அதை எழுதிக்கவே மாட்டேங்கறாங்க" என்று என்னிடம் அழுதாள். எழுதிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இல்லை. அவள் குழந்தை, குழந்தையின் சம்மதம் கணக்கில் வராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பையனுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 வருஷம். அவள் கர்ப்பமாகியிருந்தால் குற்றம் இன்னும் கடுமையானதாக மாறி, குறைந்தபட்சம் 20 வருஷம். நீதிபதி மனம் வைத்தாலும் அதற்குக் கீழே போக முடியாது. பதினேழு வயதுப் பெண்ணோடு ஓடிப்போன பத்தொன்பது வயதுப் பையனுக்கும், மாணவியைச் சீரழித்த நாற்பத்தைந்து வயது ஆசிரியருக்கும் ஒரே சட்டம். அந்த ஆசிரியருக்குக் குறைந்தபட்சம் 20 வருஷம், பெண் கர்ப்பமாகியிருந்தால் அந்தப் பையனுக்கும் அதே கணக்குதான்.

இப்படிப்பட்ட புகார்களில் பெற்றோரின் கோபத்துக்கு எத்தனை பங்கு வயது, எத்தனை பங்கு சாதி என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக 2003-இல் விருத்தாசலம் பக்கம் கொல்லப்பட்ட முருகேசனும் கண்ணகியும் சட்டப்படி வயது வந்தவர்கள். 2021-இல்தான் கடலூர் நீதிமன்றம் அந்தக் கொலைக்குத் தண்டனை கொடுத்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வயது வந்தவர்களுக்கே அந்தக் கதி நேர்ந்த மாவட்டம் இது. பதினேழு வயதுக்காரிக்காகப் போடப்படும் புகாரில் சாதி இருக்கவே இருக்காது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சரி, நம் முன்னால் இருக்கும் வழிகளுக்கு வருவோம். 2025-இல் உச்ச நீதிமன்றத்தில் இதுதான் வாதம். நீதிமன்றத்துக்கு உதவியாக நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங், 16 முதல் 18 வரையானவர்கள் மனமொத்துப் பழகுவதைக் குற்றமாக்கக் கூடாது என்றார். ஒன்றிய அரசு 18-ஐத் தொடவே கூடாது என்றது. டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் இது "16-ஆ 18-ஆ" என்று சுருங்கிவிட்டது. உண்மையில் வழிகள் இரண்டு அல்ல, நான்கு.

ஒன்று, 18-ஐ அப்படியே விடுவது. இதற்குப் பின்னால் இருக்கும் பயம் பொய்யில்லை. 2024 மார்ச்சில் புதுச்சேரியில் ஒரு சிறுமி கொல்லப்பட்டபோது ஊரே கடையடைத்துத் தெருவில் நின்றது. நானும் நின்றேன். அந்த நாட்களில் யாராவது வந்து சட்டத்தைத் தளர்த்தலாம் என்று சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். அசையாத கோடு காவல்துறைக்கும் எளிது, எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் எளிது. வயதுச் சான்றைப் பார்த்தால் போதும், யார் சொன்னது நிஜம் என்று தேட வேண்டாம். ஆனால் அந்த எளிமைக்கு நாம் கொடுக்கும் விலையில் ஒன்று ஆஸ்பத்திரியில் தெரிகிறது. 18-க்குக் கீழான பெண் கர்ப்பமாக வந்தால் டாக்டர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் அவர்மேலேயே வழக்கு. அதற்குப் பயந்து பெண்கள் வருவதே இல்லை. மருந்துக் கடையில் எதையோ வாங்கிப் போட்டுக்கொண்டு உயிருக்குப் போராடும் நிலையில்தான் வருகிறார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் டாக்டர் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றது. அது எத்தனை கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

இரண்டாவது, நேராக 16-க்கு இறக்குவது. 2012-க்கு முன்பு இருந்த இடத்துக்கே திரும்புவது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 16 என்று மொத்தமாக எழுதிவிட்டால், பதினாறு வயதுப் பெண்ணுக்குப் போன் வாங்கிக் கொடுத்து மயக்குகிற முப்பத்தைந்து வயதுக்காரனும் அதே வாசலில் நுழைந்துவிடுவான். பதினாறில் நிறுத்திய இங்கிலாந்தும் கனடாவும் ஆசிரியருக்கும் பொறுப்பில் உள்ளவருக்கும் 18 என்று தனியாக எழுதி வைத்திருக்கின்றன. அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு பயமும் உண்டு, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் மாவட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் வகுப்பிலிருந்து காணாமல் போகும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய்மாமனுக்கோ, தூரத்துச் சொந்தத்துக்கோ கட்டிக்கொடுத்துவிடுவார்கள். அந்தக் கல்யாணத்தை நிறுத்தப் போகும்போது இன்று எங்கள் கையில் இருக்கும் ஒரே பலமான ஆயுதம் போக்சோ. "வழக்கு வந்தால் மாப்பிள்ளை உள்ளே போவார்" என்று சொன்னால்தான் வீட்டார் யோசிக்கிறார்கள். 16 என்று ஆகிவிட்டால் அந்த ஆயுதம் பாதி மழுங்கிவிடும்.

மூன்றாவது, சட்ட ஆணையம் 2023 செப்டம்பரில் தன் 283-ஆவது அறிக்கையில் சொன்ன வழி. வயது 18-ஆகவே இருக்கட்டும், 16 முதல் 18 வரையானவர் மனதார ஒப்புக்கொண்டதாகத் தெரியும் வழக்குகளில் குறைந்த தண்டனை கொடுக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுங்கள் என்றது. கேட்க ஸ்பெயின் வழி போல இருக்கும். ஆனால் இரண்டுக்கும் பெரிய தூரம். ஸ்பெயினில் நீதிபதி, இது குற்றமே இல்லை என்று சொல்லிவிடலாம். இங்கே குற்றம் குற்றம்தான், தண்டனை மட்டும் குறையும். அதற்குள் அந்தப் பையன் கைதாகி, ஜாமீனுக்கு அலைந்து, வேலையை இழந்து, இரண்டு மூன்று வருஷம் வாய்தாவுக்கு நடந்திருப்பான். பெண் காப்பகத்தில் இருந்து, தேர்வைத் தவற விட்டு, தான் விரும்பியவனுக்கு எதிராகக் கூண்டில் ஏறியிருப்பாள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வங்காள வழக்கில், குற்றத்தைவிட அதற்குப் பின்னால் வந்த காவல்துறை, நீதிமன்ற அலைச்சல்தான் அந்தப் பெண்ணை அதிகம் காயப்படுத்தியது என்று சொல்லி, தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த ஆளுக்குச் சிறையைத் தவிர்த்தது. நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே அசாதாரண அதிகாரம் தேவைப்படுகிறது என்றால், கடலூரில் இருக்கும் நீதிபதி என்ன செய்வார்? அந்த வழக்கில் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 25 என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் கேட்கும் வாசல் அந்த ஆணுக்குத் திறக்காது. திறக்கவும் கூடாது.

நான் சாய்வது நான்காவது வழிக்கு. 18 அப்படியே இருக்கட்டும், 16-க்குக் கீழே எந்தத் தளர்வும் வேண்டாம், 16 முதல் 18 வரை மட்டும் சம வயதினருக்கு வாசல். இது வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் தள்ள வேண்டியதில்லை. 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் ஒரு தீர்ப்பிலேயே இதைச் சொல்லிவிட்டார். 16-ஐத் தாண்டியவர்களின் மனமொத்த உறவை போக்சோவிலிருந்து விலக்கலாம், ஆனால் ஆணுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் வயது வித்தியாசம் இருக்கக் கூடாது என்றார். 2021-இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பெண்ணும் அவள் அம்மாவுமே வந்து கேட்டுக்கொண்ட ஒரு வழக்கை ரத்து செய்தார். வளரும் வயதுக் காதலைத் தண்டிக்க வந்த சட்டம் இது அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் உயர் நீதிமன்றம் வரை போக எத்தனை வீட்டில் வசதி இருக்கிறது? அதனால்தான் இது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்கிறேன்.

ஐந்து வருஷம் எனக்கு அதிகமாகப் படுகிறது. பதினாறுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே உலகம் நிறைய மாறிவிடுகிறது. ஒருத்தி பத்தாம் வகுப்பை இப்போதுதான் முடித்தவள், இன்னொருவன் சம்பாதிக்கிறவன், வண்டி வைத்திருக்கிறவன். பிலிப்பைன்ஸ் எழுதிய மூன்று வருஷம் போதும். ஒரே பள்ளியில், ஒரே தெருவில், ஒரே டியூஷனில் பழகுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுவார்கள். கனடாவைப் போல, பொறுப்பில் இருப்பவருக்கு விலக்கு கிடையாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஆசிரியர், பயிற்சியாளர், உறவினர், வேலை கொடுத்தவர், சாமியார், யாராக இருந்தாலும் சரி. இந்த விலக்கைக் காட்டிக் குழந்தைத் திருமணத்தை நியாயப்படுத்த முடியாது என்று ஒரு தனி வரி வேண்டும். அந்த வரி இல்லாமல் வருமானால் நான் இப்போதிருக்கும் 18-க்கே திரும்பிப் போய்விடுவேன்.

நிலைக்குழுவின் கவலை அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதை மறைக்கவில்லை. வயது வித்தியாசம் மூன்றுக்குள் இருக்கும் வழக்கில் அவள் சம்மதித்தாளா என்ற கேள்வி கூண்டுக்கு வரத்தான் செய்யும். பதினேழு வயதுக்காரன் வன்முறை செய்ய மாட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் வாசலைத் திறக்கும் சாவி அந்தப் பெண்ணின் கையில் இருக்க வேண்டும். அவள் "என்னைக் கட்டாயப்படுத்தினான்" என்று சொன்னால் இன்றைய சட்டம் அப்படியே முழுதாகப் பாய வேண்டும். "நானாத்தான் போனேன்" என்று, அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் இல்லாமல், மாஜிஸ்திரேட் முன்னால் சொன்னால் அதை எழுதிக்கொள்ள ஓர் இடம் வேண்டும்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த மண்ணில் இருக்கும்போது எல்லோருக்கும் 18தான், பாஸ்போர்ட்டின் நிறம் இதில் செல்லாது. அதோடு, பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்தைப் பிரெஞ்சுக் குடிமகன் எந்த நாட்டில் செய்தாலும் பிரெஞ்சுச் சட்டமும் அவரைப் பிடிக்கும். இங்கேயும் கேட்பார்கள், அங்கேயும் கேட்பார்கள்.

அந்த அப்பாவைப் போன வாரம் மஞ்சக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். பாரிசில் இருக்கும் அந்தப் பதினைந்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப சட்டம் மாறினா எம்பொண்ணு என்ன வேணா செய்யலாமா டீச்சர்?" என்றார். "மாறுனாலும் மாறலைன்னாலும் அவ உங்ககிட்ட வந்து பேசணும் சார், அடிப்பீங்களோன்னு பயப்படாம" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, பஸ் வந்துவிட்டது. அவர் பெண்ணிடம் நான் வகுப்பில் சொல்வது இன்றைக்கு இருக்கும் சட்டம்தான். 18 வரை உன் சம்மதமும் செல்லாது, உன்னோடு பழகுகிறவனின் சம்மதமும் உன்னைக் காப்பாற்றாது. யாராவது தொந்தரவு கொடுத்தால் 1098-க்குக் கூப்பிடு. கூப்பிடப் பயமாக இருந்தால் ஸ்டாஃப் ரூமுக்கு வா, கதவு பக்கத்து மேசை என்னுடையது.